நட்சத்திரம் போட்ட லைசென்ஸ்

2025 மே 7 நெருங்க நெருங்க அமெரிக்காவில், மினசோட்டாவில் உள்ள எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் சத்தம் தாங்க முடியவில்லை. வழக்கமாக முருங்கைக்காய் எந்தக் கடைக்கு வந்திருக்கிறது, பரதநாட்டிய வகுப்பு எங்கே நடக்கிறது என்று போகும் குழு. அந்த வாரம் முழுக்க லைசென்ஸ்தான்: மத்திய அரசின் ரியல் ஐடி தரத்தில் அடித்த, நட்சத்திரம் போட்ட லைசென்ஸ் இல்லாவிட்டால் மே 7 முதல் உள்நாட்டு விமானம் ஏற முடியாது என்று பேச்சு. "நட்சத்திரம் இல்லாட்டி ஏர்போர்ட்ல உள்ளயே விடமாட்டாங்களாம்." "எங்க அத்தை அடுத்த வாரம் சியாட்டில் போறாங்க, அவங்களுக்கு லைசென்ஸே கிடையாது. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

அத்தையிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. அது போதும். உள்நாட்டு விமானம் ஏற ரியல் ஐடி லைசென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. விமான நிலையச் சோதனையை நடத்தும் டி.எஸ்.ஏ. ஏற்கிற அட்டை ஏதாவது ஒன்று இருந்தால் சரி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதைக் குழுவில் எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்த் திரும்பினால், இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். சரி, விரிவாக ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்கு அப்பாதான் காரணம். கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்.எல்.ஆர். போடுவது முதல் எட்டு போடுவது வரை அவருக்கு அத்துப்படி. நான் மினசோட்டாவில் லைசென்ஸ் மாற்றப் போன கதையைப் போனில் சொன்னபோது அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"அது என்னம்மா, 2005-ல போட்ட ரியல் ஐடி சட்டம் இன்னும் அமலுக்கு வரலைங்கிறே? டெல்லியில ஒரு நோட்டிபிகேஷன் போட்டா எல்லா மாநிலமும் பாரத்தை மாத்திட்டுப் போகும். அங்க அப்படி முடியாதா?"

முடியாது. அப்பா பழகிய ஊரில் மோட்டார் வாகனம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம், அதன்படி மாநில அலுவலகங்கள் லைசென்ஸ் கொடுக்கின்றன. இங்கே லைசென்ஸ் மாநிலத்தின் சொந்த விவகாரம். வாஷிங்டன் ஒரு மாநில ஊழியரைப் பார்த்து "இதைச் செய்" என்று ஏவக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் மான்டானா மாநிலத்தில் ராவல்லி கவுண்டியின் ஷெரிப், ஜே பிரிண்ட்ஸ். கைத்துப்பாக்கி வாங்க வருகிறவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு 1993-இல் ஒரு சட்டம் போட்டது. "நான் உங்கள் சம்பளக்காரன் இல்லை" என்பதுதான் ஷெரிப்பின் வாதத்தின் சாரம். 1997-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

அப்படியானால் மாநிலங்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? பழைய வழி, பணத்தைப் பிடித்துவைப்பது. மது வாங்கும் வயதை நாடெங்கும் 21 ஆக்கியது அப்படித்தான்: உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு கிடையாது என்று 1984-இல் சட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டா கோர்ட்டுக்குப் போய் 1987-இல் தோற்றது. ரியல் ஐடி சட்டத்தில் அதைவிடச் சாமர்த்தியமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். மாநிலமே, உன் லைசென்ஸை நீ எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள். ஆனால் எங்கள் தரத்துக்கு இல்லையென்றால் எங்கள் ஆட்கள் அதை ஏற்கமாட்டார்கள். விமான நிலையச் சோதனையில் செல்லாது, மத்திய அரசுக் கட்டடத்தில் செல்லாது, அணுமின் நிலையத்தில் செல்லாது. மாநிலத்துக்கு இதில் ஓர் உத்தரவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இரண்டு அரசாங்கங்கள் மோதிக்கொண்டதில் மாட்டிக்கொண்டவர் டிக்கெட் எடுத்த பயணி.

சட்டம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், கடலூர்க்காரிக்கு அதில் ஒரு தனி உறுத்தல் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட 19 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் ஏதோ ஓர் அமெரிக்க அடையாள அட்டை இருந்தது. வர்ஜீனியாவில் சிலர், "இவர் இங்கேதான் குடியிருக்கிறார்" என்று பொய்க் கையெழுத்துப் போட ஆள் பிடித்து அட்டை வாங்கியிருந்தார்கள். விசாரணை ஆணையம் 2004-இல், லைசென்ஸுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நாடு முழுக்க ஒரு தரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த டிசம்பரில் வந்த சட்டம் நியாயமானதாகவே இருந்தது: மாநிலங்களையும் உட்காரவைத்துப் பேசி விதிகளை வகுப்பது என்று ஏற்பாடு. அது தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, விஸ்கான்சின் உறுப்பினர் ஜிம் சென்சன்பிரென்னர் கொண்டுவந்த ரியல் ஐடி மசோதா கீழவையில் 261-161 என்று நிறைவேறிவிட்டது. மேலவையில் இதற்கென்று ஒரு விசாரணைக் கூட்டம்கூட நடக்கவில்லை. அவசர நிதி மசோதா ஒன்றின் வாலில் இதைக் கட்டி அனுப்பினார்கள். அந்த நிதி எதற்கு? ஈராக், ஆப்கானிஸ்தானில் இருக்கும் படைகளுக்கு, அப்புறம் சுனாமி நிவாரணத்துக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிதான். சட்டத்தின் தலைப்பிலேயே "சுனாமி நிவாரணம்" என்று இருக்கிறது.

சிப்பாய்களுக்கும் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கும் பணம் வேண்டாம் என்று யார் கை தூக்குவார்கள்? மேலவையில் 100-0. 2005 மே 11-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். (அந்தச் சமயத்தில் இந்தியா வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஆக, கடலூர்த் தேவனாம்பட்டினத்துக்கு அதிலிருந்து ஒன்றும் வந்திருக்காது.) சில்வர் பீச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நேரில் பார்த்த குடும்பம் எங்களுடையது. அதன் பெயரைச் சொல்லி மினசோட்டாவில் லைசென்ஸுக்கு முகவரி ஆதாரமாக என் மின்சார பில்லைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பதா என்ன செய்வதா என்று புரியவில்லை.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 2007 ஜனவரியில் மெய்ன் மாநிலச் சட்டமன்றம் முதலில் முடியாது என்று தீர்மானம் போட்டது. ஏப்ரலில் மான்டானா அதைச் சட்டமாகவே போட்டது. ஷெரிப் பிரிண்ட்ஸின் மண் ஆயிற்றே. கெடு 2008 மே என்று இருந்தது. அவகாசம் கேட்டு விண்ணப்பிக்காத மாநிலத்தவரை விமானத்தில் தடுக்க வேண்டிவரும் என்ற நிலையில், மான்டானாவிலிருந்து ஒரு கடிதம் போனது: நாங்கள் இந்தச் சட்டத்தை ஏற்கமாட்டோம், ஆனால் எங்கள் லைசென்ஸ் ஏற்கெனவே பாதுகாப்பானது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதையே அவகாசம் கேட்ட விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு அவகாசம் கொடுத்துவிட்டது. நாங்கள் அனுப்பியது குதிரை, அதை அவர்கள் வரிக்குதிரை என்று சொல்லிக்கொண்டால் அவர்கள் இஷ்டம் என்ற தோரணையில் மான்டானா ஆளுநர் பிரையன் ஷ்வைட்சர் பதில் சொன்னார். இதை அப்பாவிடம் சொன்னபோது, "ஃபைலை மூட இப்படி ஒரு வழி வேணும்ல" என்றார். அலுவலகத்தில் காலம் தள்ளியவருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 2008-இல் அரிசோனா ஆளுநராக இருந்த ஜேனட் நபோலிடானோ, ரியல் ஐடியை மறுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2009 ஜனவரியில் ஒபாமா அவரையே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஆக்கினார். எதை மறுத்தாரோ அதை அமல்படுத்தும் நாற்காலி.

எங்கள் மினசோட்டாவும் லேசுப்பட்டதல்ல. 2009-இல் இங்கே போட்ட சட்டம், ரியல் ஐடியை அமல்படுத்தக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. அமல்படுத்தத் திட்டமிடவும் கூடாது என்றது. அதாவது அதிகாரிகள் உட்கார்ந்து "ஒருவேளை செய்வதானால் எவ்வளவு செலவாகும்" என்று கணக்குப் பார்ப்பதே சட்டவிரோதம். எதிர்த்தவர்கள் ஒரே பக்கத்தவர்களும் இல்லை. அரசு நம்மை வேவு பார்க்கும் என்ற பயம் இடதுசாரிகளுக்கு. வாஷிங்டன் நம் மாநிலத்தில் மூக்கை நுழைக்கும் என்ற கோபம் வலதுசாரிகளுக்கு. இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது செலவு. 10 ஆண்டுகளுக்கு 23 பில்லியன் டாலருக்கு மேல் ஆகும் என்று முதலில் மதிப்பிட்ட மத்திய அரசு, 2008-இல் இறுதி விதிகளை வெளியிட்டபோது அதை 9.9 பில்லியனாகக் குறைத்துக் காட்டியது. மாநிலங்களுக்குக் கொடுத்த மானியம் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்புறம் கெடு தள்ளிப்போன கதை ஊருக்கே தெரியும். 2008, 2009, 2011, 2013, பிறகு கட்டம் கட்டமாக, பிறகு 2020 அக்டோபர், கொரோனாவால் 2021, 2023, கடைசியில் 2025. ஒவ்வொரு தடவையும் "இதுதான் இறுதி" என்றார்கள்.

மினசோட்டா மனம் மாறியது வாதத்தால் அல்ல. 2016 ஜனவரியில் வாஷிங்டன் ஓர் அறிவிப்பு விட்டது: 2018 ஜனவரி 22 முதல், தரத்துக்கு வராத, அவகாசமும் பெறாத மாநிலங்களின் லைசென்ஸ் விமானத்தில் செல்லாது. அப்போது அந்த வரிசையில் நின்றவை மினசோட்டா, இல்லினாய், மிசூரி, நியூ மெக்சிகோ, வாஷிங்டன் மாநிலம். குளிர்காலத்தில் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் ஓடுகிற மாநிலம் இது. பாட்டி தாத்தாக்களிடமிருந்து சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் போன் பறந்திருக்கும். அந்த ஆண்டே திட்டமிடத் தடை நீங்கியது. 2017 மே மாதம் ஆளுநர் மார்க் டேட்டன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2018 அக்டோபர் 1 முதல் நட்சத்திரம் போட்ட அட்டை கிடைத்தது. மாநில உரிமைக்கு எதிரில் சுற்றுலா டிக்கெட் ஜெயித்தது என்பேன் நான்.

நான் போனது அதற்கடுத்த வருடம். பாஸ்போர்ட், ஐ-94 என்கிற நுழைவுப் பதிவு, விசா ஒப்புதல் கடிதம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வீட்டு முகவரிக்கு இரண்டு ஆதாரம். இந்த முகவரி ஆதாரம்தான் எச்-4-இல், அதாவது வேலை விசாக்காரரின் துணைக்கான விசாவில் வந்த பெண்களுக்கெல்லாம் இடிக்கிற இடம். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பேரில், கரண்ட் பில் அவர் பேரில், கார்க் கடன் அவர் பேரில். இந்த நாட்டில் நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு என் கணவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஜாயின்ட் அக்கவுண்ட் வங்கி அறிக்கையும் மருத்துவக் காப்பீட்டுத் தாளும் காப்பாற்றின. கவுண்டரில் இருந்த அம்மா, பச்சை ஃப்ரேம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் என் பெயரின் எழுத்துகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பேனா 'ழி'க்குரிய ஆங்கில எழுத்துகளில் வந்து ஒரு நொடி நின்றது. கார் இன்ஷூரன்ஸ் தாளில் கயல்விழி எஸ் என்று இருந்ததால் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தார். விதிப்படி முழுப்பெயர் வேண்டும், இனிஷியல் ஆகாது. எஸ் என்பது அப்பா சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் அவர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறார்.

நம் பெயர்களால் இங்கே படும் பாட்டுக்கு அளவில்லை. ஆனால் அன்றைக்குப் பக்கத்துக் கவுண்டரில் நடந்ததைப் பார்த்தபோது நான் கொடுத்துவைத்தவள் என்று தோன்றியது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. மினசோட்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பிறப்புச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் குடும்பப் பெயர். முதல் கல்யாணத்தில் ஒரு பெயர், அந்தக் கணவர் இறந்த பிறகு இரண்டாவது கல்யாணத்தில் இன்னொரு பெயர். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெண்ணும் இப்போது நிற்கும் பெண்ணும் ஒருவரே என்று காட்ட, நடுவில் உள்ள ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் காகிதம் வேண்டும். இரண்டாவது கல்யாணச் சான்றிதழ் கையில் இருந்தது; முதலாவது வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கவுண்டி அலுவலகத்தில் இருக்கிறதாம், எழுதிப் போட்டு வாங்க வேண்டும். "அம்பது வருஷமா இங்க ஓட்டு போடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஃபைலை மூடினார். என் கவுண்டர் அம்மா குரலைத் தாழ்த்தி, "பெண்கள்தான் இப்படித் திரும்பிப் போகிறார்கள், ஆண்கள் யாரும் இல்லை" என்றார். நான் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரை விடாததால் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் கதை இன்னும் ருசி. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் தோழியின் கணவரை அலுவலகத்தில் ஒருவர் ஃப்னூ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரியல் ஐடி விதிகளைத் தேடிப் படித்தபோது அதில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது: ஒரே பெயர் உள்ளவருக்கு அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடு, மற்றக் கட்டங்களைக் காலியாக விடு, நிரப்புவதற்காக எதையும் போடாதே. எழுதியவர் யாரோ விஷயம் தெரிந்தவர். ஆனால் அதே மத்திய அரசின் விசாவே எஃப்.என்.யூ. என்று நிரப்பித் தருகிறதே! மாநில ஊழியர் என்ன செய்வார்? விசாவில் உள்ளபடி அடிப்பாரா, விதியில் உள்ளபடி விடுவாரா? தோழியின் கணவர் அட்டையில் எஃப்.என்.யூ. இருக்கிறது.

விசாவில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ரியல் ஐடியின் காலம் தங்கும் அனுமதியோடு முடிந்துவிட வேண்டும், தற்காலிகம் என்ற குறிப்பும் அட்டையின் முகப்பிலேயே தெரிய வேண்டும் என்பது விதி. அனுமதிக்கு முடிவுத் தேதி குறிப்பிடப்படாதவர்களுக்கு ஒரு வருடம். ஆக ஒவ்வொரு எச்-1பி வேலை விசா நீட்டிப்புக்கும் பின்னாலேயே லைசென்ஸ் வேலையும் வரும். கவுண்டரில் கொடுக்கும் விவரம் சேவ் என்ற மத்தியக் கணினி அமைப்பில் சரிபார்க்கப்படும். பெரும்பாலும் உடனே பதில் வரும், வராவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்து விமானம் பாதுகாப்பானதா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். அந்த 19 பேரும் விசாவோடும் பாஸ்போர்ட்டோடும் நாட்டுக்குள் வந்தவர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இன்றைக்கும் சோதனையில் செல்லுபடியாகும். குழுவில் பேசப்பட்ட அந்த அத்தை அதைக் காட்டித்தான் சியாட்டில் போனார். விமானி அறைக் கதவை உறுதியாக்கியதும், பயணிகள் பட்டியலை முன்கூட்டியே கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுவதும் செய்ததை இந்த நட்சத்திரம் செய்ததாகத் தெரியவில்லை. போலி லைசென்ஸ் குறைந்திருக்கலாம், அது நல்லதுதான். அதற்கு 20 வருடமா?

கெடு நாளான 2025 மே 7 அன்றும் வானம் இடிந்து விழவில்லை. பயணிகளில் 81 சதவீதம் பேர் ஏற்கெனவே ஏற்கத்தக்க அட்டையோடு வருகிறார்கள் என்று டி.எஸ்.ஏ. சொன்னது, இல்லாதவர்களைக் கூடுதல் சோதனை செய்து அனுப்பினார்கள். அதை அப்படியே விட்டுவிடவும் இல்லை. 2026 பிப்ரவரி 1 முதல், ஏற்கத்தக்க அட்டை இல்லாமல் வருகிறவர் 45 டாலர் கட்டி அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லலாம். 10 நாளுக்குச் செல்லும்.

அந்த 45 டாலர்தான் இப்போது எங்கள் வீட்டுப் பேச்சு. என் கணவர் நட்சத்திரம் வாங்கவே இல்லை. மினசோட்டாவில் 2023 அக்டோபர் முதல் சாதாரண லைசென்ஸுக்குக் குடியேற்ற ஆவணம் எதுவும் கேட்பதில்லை. விசாத் தேதிக்குப் பின்னால் ஓடத் தேவையில்லை, ஏர்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, அடுத்த வாரம் டாலஸில் அவருக்கு மீட்டிங். "முன்கூட்டியே கட்டிடவா, கவுண்டர்ல கேட்டா கட்டிக்கவா?" என்று நேற்று ராத்திரி கேட்டார். முன்கூட்டியே கட்டச் சொல்லியிருக்கிறேன்.